காத்திருப்பவரின் உரிமை: சதுரங்கக் கடிகாரம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

சதுரங்கப் பலகையின் இரு புறத்திலும் இருவர் அமர்ந்திருக்கின்றனர். வெள்ளைக் காய்களை ஆடுபவரிடம் அரசனோடு ஒரு கோட்டையும் மூன்று சிப்பாய்களும் எஞ்சியுள்ளன. கறுப்புக் காய்களை ஆடுபவரிடம் அரசனும் ஒரேயொரு சிப்பாயுமே உள்ளன. இன்னும் சில நகர்வுகளில் கறுப்பு அரசன் மடக்கப்படுவான் என்பதை இருவரும் அறிவர். அவ்வேளையில் வெள்ளைக் காய்களை ஆடுபவரின் கடிகாரத்தில் நேரம் தீர்ந்துவிடுகின்றது. விதியின்படி அவர் தோற்றவராகின்றார். தோல்வியின் விளிம்பில் நின்றவர் வென்றவராகின்றார். இம்முடிவு நீதியானதா?

இவ்வினாவுக்கு வழக்கமாக இரண்டு விடைகள் கூறப்படுவதுண்டு. நேரமும் ஆட்டத்தின் ஒரு பகுதியே. இருவருக்கும் சமமாக வழங்கப்பட்ட நேரத்தை ஒருவர் வீணாகச் செலவிட்டாராயின் அதன் விளைவை அவரே ஏற்றல் வேண்டும் என்பது ஒரு விடை. சதுரங்கம் சிந்தனையின் போட்டி. பலகையின் மீது நிறுவப்பட்ட மேம்பாட்டை ஒரு பொறியின் முள் அழித்துவிடுதல் சிந்தனைக்கு இழைக்கப்படும் அநீதி என்பது மற்றையது. இவ்விரு விடைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையாகத் தோன்றினும் அடிப்படையில் ஒரே எண்ணத்தையே கொண்டுள்ளன. கடிகாரம் சிந்திப்பவரை அளப்பதற்கென ஏற்பட்ட கருவி என்பதே அவ்வெண்ணமாகும். ஆயின் அக்கருவி தோன்றிய வரலாற்றை நோக்குமிடத்து, அது சிந்திப்பவரை அளப்பதற்காகவன்றிக் காத்திருப்பவரைக் காப்பதற்காகவே ஏற்பட்டது என்பது புலனாகும். இவ்வுண்மையை மறவாதிருந்தால் மேற்கூறிய வினாவுக்கு விடை காண்பது எளிதாவதோடு, இன்று இணையத்தில் ஆடுவோர் முன் விரிந்துகிடக்கும் பல்வேறு நேரக் கட்டுப்பாடுகளுள் ஒன்றைத் தெரிவு செய்வதும் ஓர் அறச்செயலே என்பது தெளிவாகும்.

கடிகாரத்தின் தோற்றம்

சதுரங்கம் இந்தியாவிலே தோன்றிப் பாரசீகம், அரபு நாடுகள் ஆகியவற்றின் வழியாக ஐரோப்பாவைச் சென்றடைந்த ஆட்டமாகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அதன் வரலாற்றின் மிகப் பெரும் பகுதியில் கடிகாரம் அதற்கு வேண்டப்படவில்லை. ஆடுவோர் பெரும்பாலும் அறிமுகமானவர்களாகவும் ஓய்வுடையவர்களாகவும் இருந்தனர். ஒருவர் அளவுக்கு மீறிச் சிந்தித்தால் மற்றவர் முகம் சுளிப்பார். மறுநாள் அவரோடு ஆட வரமாட்டார். நாகரிகமே அன்றைய கடிகாரமாக விளங்கியது எனலாம்.

அறிமுகமற்றோர் பொது இடத்தில், பரிசும் புகழும் கருதி ஆடத் தொடங்கியபோது அந்நாகரிகம் போதாதாயிற்று. 1851 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே முதலாவது சர்வதேசச் சதுரங்கப் போட்டி நடைபெற்றது. ஜேர்மனியரான அடொல்ப் அன்டர்சன் அதிலே முதலிடம் பெற்றார். அப்போட்டியில் ஒரு நகர்வுக்கு இவ்வளவு நேரமே என்னும் வரையறை எதுவும் இருக்கவில்லை. ஆட்டங்கள் பல மணித்தியாலங்கள் நீண்டன. போட்டியை ஒழுங்கு செய்தோருள் முதன்மையானவராகிய ஹவாட் ஸ்ரோன்ரன், மூன்றாம் இடத்துக்கான ஆட்டங்களிலே தம்மோடு மோதிய எலைஜா வில்லியம்ஸ் என்பவரின் மெதுவான ஆட்டத்தைக் கடுமையாகக் குறைகூறினார். அவ்வாட்டங்களில் வென்றவர் வில்லியம்ஸ் என்பதும் குறைகூறியவர் தோற்றவர் என்பதும் மறக்கற்பாலன அல்ல. தோற்றவரின் முறைப்பாட்டில் மனக்கசப்பும் கலந்திருத்தல் இயல்பே. எனினும் அம்முறைப்பாடு சுட்டிய குறை உண்மையானது. வில்லியம்ஸ் எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் அவர் சிந்திக்கச் செலவிட்ட ஒவ்வொரு மணித்தியாலமும் எதிரே இருந்தவரின் வாழ்விலிருந்தும் ஒரு மணித்தியாலத்தை எடுத்துக்கொண்டது.

இதற்குப் பரிகாரமாகவே நேரவரையறை வந்தது. 1861 ஆம் ஆண்டில் அன்டர்சனுக்கும் கோலிஷ் என்பவருக்கும் இலண்டனில் நடைபெற்ற போட்டியில் மணற்கடிகைகள் பயன்படுத்தப்பட்டன. 24 நகர்வுகளுக்கு 2 மணித்தியாலங்கள் என்பது அன்றைய அளவு. 1867 ஆம் ஆண்டுப் பாரிஸ் போட்டியில் நேரத்தை மீறியவர் தண்டப்பணம் செலுத்த வேண்டியிருந்தது. 1883 ஆம் ஆண்டு இலண்டன் போட்டியில், மன்செஸ்ரரைச் சேர்ந்த தோமஸ் பிறைற் வில்சன் அமைத்த இரட்டைக் கடிகாரம் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒன்று ஓடும்போது மற்றையது நிற்கும் அமைப்பினை உடைய அக்கடிகாரத்தின் வழிவந்தவையே இன்றைய கடிகாரங்கள். நாளடைவில், நேரம் தீர்வதைக் காட்டும் சிறு கொடியொன்று கடிகார முகத்திலே பொருத்தப்பட்டது. 'கொடி விழுந்தது' என்னும் வழக்கு அதிலிருந்தே தோன்றியது.

தண்டப்பணத்திலிருந்து தோல்விக்குச் சென்ற மாற்றம் ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. தண்டப்பணம் என்பது நேரத்துக்கு ஒரு விலையை வைக்கின்றது. வசதி படைத்தவர் அவ்விலையைக் கொடுத்துவிட்டு எதிராளியைத் தொடர்ந்தும் காத்திருக்கச் செய்யலாம். தோல்வி என்னும் விளைவோ எவராலும் விலை கொடுத்துத் தப்ப முடியாதது. ஆகவே காத்திருப்பவரின் உரிமை விற்பனைக்குரியதன்று என்னும் கருத்து இம்மாற்றத்தின் வாயிலாக விதியிலே இடம்பெற்றது எனக் கொள்ளலாம்.

இரு அளவுகோல்கள்

கடிகாரம் வந்ததும் ஒரு புதுமை நிகழ்ந்தது. அதுவரை இருவருக்கும் பொதுவாக ஓடிக்கொண்டிருந்த காலம் இரு கூறாக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் உரிய உடைமையாக மாறியது. வள்ளுவர் காலமறிதல் என ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளார். அங்கு காலம் மனிதருக்குப் புறத்தே இருப்பது. வினை செய்வோர் அதன் வரவை எதிர்பார்த்து ஒடுங்கியிருந்து, அது வாய்க்கும்போது செயற்பட வேண்டும். சதுரங்கக் கடிகாரம் தரும் காலமோ அத்தகையதன்று. அது கையிற் கொடுக்கப்பட்ட பணம் போன்றது. எங்கே செலவிடுவது, எங்கே சேமிப்பது என்பதை உடையவரே தீர்மானிக்கின்றார். உடைமையாகிவிட்ட எதனையும் போலவே அதுவும் இழக்கப்படக்கூடியது. மற்றவரால் கவரப்படவும் கூடியது.

இதனால் ஆட்டத்துக்கு இரண்டு அளவுகோல்கள் ஏற்பட்டன. ஒன்று பலகை, மற்றது கடிகாரம். அமெரிக்க மெய்யியலாளரான ஜோன் றோல்ஸ் 1971 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நீதிக் கோட்பாடு' என்னும் நூலில் நடைமுறை சார்ந்த நீதியை வகைப்படுத்தியுள்ளார். சூதாட்டம் போன்றவற்றில் முடிவு சரியானதா என்று அளப்பதற்கு நடைமுறைக்கு வெளியே வேறு அளவுகோல் இல்லை. நடைமுறை ஒழுங்காகப் பின்பற்றப்பட்டிருப்பின் அதன் முடிவு எதுவாயினும் நீதியானதே. குற்றவியல் விசாரணை அவ்வாறானதன்று. குற்றவாளி தண்டிக்கப்பட்டு நிரபராதி விடுவிக்கப்பட வேண்டும் என்னும் அளவுகோல் அங்கே தனித்து நிற்கின்றது. விசாரணை எவ்வளவு ஒழுங்காக நடைபெற்றாலும் அவ்வளவுகோலினின்றும் முடிவு தவறிவிடக்கூடும்.

நேரத்தால் வரும் வெற்றி இவற்றுள் எவ்வகையைச் சார்ந்தது? அது சூதாட்டம் போன்றதாயின் முதலிற் கூறிய ஆட்டத்தின் முடிவைப் பற்றி எவரும் முறையிட இடமில்லை. ஆனால் அந்நிலையைக் காண்போர் அனைவரும் ஒருவித மன உறுத்தலை அடைகின்றனர். கடிகாரம் கூறுவதற்கு மாறாகப் பலகை வேறொன்றைக் கூறிக்கொண்டிருப்பதே அவ்வுறுத்தலுக்குக் காரணமாகும். விதி வகுத்தோரும் இதனை உணர்ந்திருந்தனர். உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் விதிகளின்படி, ஒருவரின் நேரம் தீர்ந்துவிட்டாலும், எதிராளியால் எந்த விதமான நகர்வுத் தொடரினாலும் அவரது அரசனை மடக்க இயலாது என்னும் நிலை இருப்பின் ஆட்டம் சமநிலையில் முடிவடைகின்றது. மேலே காட்டிய எடுத்துக்காட்டில் கறுப்புக் காய்களை ஆடியவரிடம் அந்தச் சிப்பாய் இல்லாதிருந்தால் அவர் வென்றிருக்க முடியாது. கடிகாரத்தின் தீர்ப்பை முற்றாக ஏற்காது, பலகையிடமும் ஒரு சொல் கேட்ட பின்னரே விதி முடிவு கூறுகின்றது. எனவே நேரத்தால் வரும் வெற்றி தூய நடைமுறை நீதியன்று; விசாரணையைப் போலத் தவறக்கூடிய நடைமுறை நீதியே என்பது பெறப்படும். அது செல்லுபடியாகும் முடிவு. ஆனால் நிறைவான முடிவு என்று சொல்வதற்கில்லை.

கருவி ஆயுதமாதல்

காத்திருப்பவரைக் காக்க வந்த கருவி, காத்திருப்பவரின் கையில் ஆயுதமாகவும் மாறக்கூடியது. எதிராளிக்கு இருபது செக்கன்களே எஞ்சியிருப்பதை ஒருவர் காண்கின்றார். வெல்வதற்குரிய வழி பலகையில் இல்லை. ஆயினும் அவர் தமது கோட்டையை முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டிருக்கின்றார். அந்நகர்வுகளுக்குப் பொருள் எதுவும் இல்லை. எதிராளியின் செக்கன்களைக் குறைப்பதே அவற்றின் நோக்கம். இவ்விடத்துச் சிந்தனை நின்றுவிட, கையின் விரைவு மட்டும் எஞ்சுகின்றது. அவர் காத்திருப்பவராகவும் இல்லை. காத்திருக்கச் செய்யப்பட்டதனால் பாதிப்புற்றவராகவும் இல்லை. ஆகவே கடிகாரம் எதற்காக ஏற்பட்டதோ அந்த நியாயம் அவருக்குப் பொருந்துவதன்று.

இதனைத் தடுக்கப் பல வழிகள் முயலப்பட்டன. குறித்த தொகை நகர்வுகளை ஆடியதும் புதிதாக நேரம் வழங்குதல் ஒரு வழி. அதன் பின்னரும் ஆட்டம் முடியாவிடின் இடைநிறுத்தி மறுநாள் தொடர்வதும் நெடுங்காலம் வழக்கிலிருந்தது. இடைநிறுத்தும்போது ஒருவர் தமது அடுத்த நகர்வை எழுதி உறையிலிட்டு நடுவரிடம் ஒப்படைப்பார். கணினிகள் வலிமை பெற்ற 1990களில் அம்முறை கைவிடப்படலாயிற்று. இரவு முழுவதும் ஆட்டநிலையை ஆராய்வது ஆட்டக்காரரா, பொறியா என்னும் ஐயம் எழுந்தமையே அதற்குக் காரணமாகும். எஞ்சிய முழு ஆட்டத்தையும் ஒரு குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நிலையில், இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக நேரமுள்ளவர், எதிராளி வழக்கமான வழிகளில் வெல்வதற்கு முயலவில்லை எனக் காட்டி நடுவரிடம் சமநிலை கோரலாம் என்னும் ஏற்பாடும் செய்யப்பட்டது. எதிராளியின் நோக்கம் யாது என நடுவரை ஆராயச் செய்த ஏற்பாடு அது. விதியினால் மட்டும் தீர்க்கவியலாத ஒன்றை மனிதத் தீர்ப்பிடம் விட்டமையே அதன் சிறப்பும் குறைபாடும் ஆகும்.

இவ்விடர்ப்பாட்டுக்கு மிகவும் எளிய தீர்வைக் கண்டவர்கள் ஆட்டக்காரர்களே. முன்னாள் உலகச் சம்பியனாகிய ரொபேட் பிஷர் இலக்கமுறைக் கடிகாரமொன்றை வடிவமைத்து 1989 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதற்கான காப்புரிமையைப் பெற்றார். ஒவ்வொரு நகர்வின்போதும் ஆட்டக்காரரின் நேரத்தோடு ஒரு சிறு அளவு கூட்டப்படுவதே அதன் தத்துவம். 1992 ஆம் ஆண்டில் அவரும் பொறிஸ் ஸ்பாஸ்கியும் மீண்டும் மோதிய போட்டியில் அக்கடிகாரம் பயன்படுத்தப்பட்டது. சோவியத் ஆட்டக்காரரான டேவிட் புறொன்ஸ்ரீனும் இதனையொத்த வழியொன்றை முன்வைத்தார். அவரது முறையில், ஒரு நகர்வுக்குச் செலவிட்ட நேரம் குறித்த எல்லைவரை திருப்பிக் கொடுக்கப்படும். ஆனால் தொடக்கத்தில் இருந்ததைவிட நேரம் கூடமாட்டாது. இன்று பெரும்போட்டிகள் பலவற்றில் முதல் 40 நகர்வுகளுக்கு 90 நிமிடங்கள், அதன் பின் 30 நிமிடங்கள், தொடக்கம் முதலே ஒவ்வொரு நகர்வுக்கும் 30 செக்கன்கள் என்னும் அளவு வழங்கப்படுகின்றது.

மேலதிக நேரம் வழங்கும் இம்முறையைப் பொறியியல் நுட்பமாக மட்டும் கருதுதல் குறைபாடுடையதாகும். அது ஓர் அறவியல் வேறுபாட்டைக் கண்டுணர்ந்த முறையாகும். காலத்தை வீணாக்கியவர் வேறு. காலம் குறைந்த நிலையிலும் தம் கடமையைத் தொடர்ந்து ஆற்றுபவர் வேறு. பழைய கடிகாரம் இருவரையும் ஒன்றாகவே கருதித் தண்டித்தது. புதிய கடிகாரமோ, முன்னர் வீணாக்கியமைக்காக ஒருவரை நெருக்கடியில் நிறுத்துகின்றது. ஆயினும் வெல்லும் நிலையை எய்தியவர் அதனை நிறைவேற்றிக் காட்டுவதற்குரிய குறைந்தபட்ச நேரத்தை மறுப்பதில்லை. காத்திருப்பவருக்கும் இதனால் இழப்பில்லை. முப்பது செக்கன்கள் காத்திருத்தல் எவருக்கும் பெருஞ்சுமையாகாது. இருவரின் உரிமையையும் ஒருங்கே பேணும் நீதி இது.

இணைய ஆட்டமும் தெரிவும்

முற்காலத்தில் நேரக் கட்டுப்பாட்டைத் தீர்மானித்தவர்கள் போட்டி ஒழுங்கமைப்பாளர்களே. இணையத்தில் ஆடுபவர் முன்னோ அத்தெரிவு ஆட்டத்துக்கு ஆட்டம் வைக்கப்படுகின்றது. லிச்செஸ் என்னும் தளம் ஆட்டங்களை வகைப்படுத்தும் முறையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தொடக்க நேரத்தோடு, ஒரு நகர்வுக்குரிய மேலதிக நேரத்தின் நாற்பது மடங்கு கூட்டப்படும். வரும் தொகையே ஆட்டத்தின் நீளமாகக் கொள்ளப்படும். அது மூன்று நிமிடத்துக்குக் குறைந்தால் புல்லட். எட்டு நிமிடத்துக்குக் குறைந்தால் பிளிட்ஸ். இருபத்தைந்து நிமிடத்துக்குக் குறைந்தால் ரப்பிட். அதற்கு மேற்பட்டது செந்நெறி ஆட்டம். மூன்று நிமிடமும் நகர்வுக்கு இரண்டு செக்கன்களும் கொண்ட ஆட்டம் 260 செக்கன்கள் என்றாகிப் பிளிட்ஸ் வகையிற் சேரும். இவற்றுக்கு அப்பால், ஒரு நகர்வுக்கு ஒரு நாள் முதல் பதினான்கு நாள் வரை வழங்கும் அஞ்சல்வழி ஆட்டமும் உண்டு.

தெரிவு செய்பவர் பொறுப்பையும் ஏற்கின்றார். பேர்னாட் சூற்ஸ் என்னும் மெய்யியலாளர் 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், தேவையற்ற தடைகளை விரும்பி ஏற்று அவற்றை வெல்ல முயல்வதே விளையாட்டு என வரையறுத்தார். இவ்வரையறையின்படி ஒரு நிமிட ஆட்டத்தை விரும்பி ஏற்றவர், நேரத்தால் தோற்றமை குறித்து முறையிட உரிமையற்றவர். அவ்வாட்டத்தில் எதிராளி நகர்த்துமுன்னரே தம் அடுத்த நகர்வைப் பதிந்துவைக்கும் வசதியும் உண்டு. லிச்செஸ் தளத்தில் அதற்கு நேரம் எதுவும் செலவாவதில்லை. கையின் விரைவும் நரம்பின் உறுதியும் அங்கே ஆட்டத்தின் உட்கூறுகளாகவே அமைந்துவிடுகின்றன. சதுரங்கத்துக்குக் கடிகாரம் துணைக்கருவி. புல்லட் ஆட்டத்துக்கோ கடிகாரமே உயிர். ஒரே பலகையும் காய்களும் பயன்படுவதனால் இவையிரண்டும் ஒரே ஆட்டம் என மயங்குதல் கூடாது.

ஆனால் இசைவு ஒன்றே எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிடாது. முதலாவதாக, சமமான நேரம் என்பது சமமான நிலைமைகளை முன்னிட்டே பொருளுடையதாகும். இணையத் தொடர்பு தளர்ந்த ஓரிடத்திலிருந்து ஆடுபவர் அனுப்பும் நகர்வு தளத்தை அடையுமுன் அவரது செக்கன்கள் குறைகின்றன. தளங்கள் இத்தாமதத்துக்கு ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆயின் தொடர்பு முற்றாக அறுந்துவிடின் ஈடுசெய்ய வழியில்லை. இருவருக்கும் மூன்று நிமிடம் என்று எழுதப்பட்டிருந்தாலும் அம்மூன்று நிமிடம் ஒன்றே அல்ல. ஆட்டம் எவ்வளவு விரைவானதோ அவ்வளவுக்கு இவ்வேற்றத்தாழ்வு பெரிதாகின்றது. நெடிய நேரத்தையும் மேலதிக செக்கன்களையும் தெரிவு செய்பவர் அறிந்தோ அறியாமலோ இவ்வேற்றத்தாழ்வைக் குறைக்கின்றார்.

இரண்டாவதாக, இணையத்திலே புதியதொரு தீமை காணப்படுகின்றது. தோல்வி உறுதியானதை உணர்ந்த ஒருவர் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல், நகர்வும் செய்யாமல், தமக்கு எஞ்சியுள்ள பதினைந்து நிமிடமும் ஓடித் தீரட்டும் என விட்டுவிட்டு எழுந்து சென்றுவிடுகின்றார். எதிரே இருப்பவர் வெற்றிக்காகத் திரையைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டியவராகின்றார். அது அவருடைய நேரமே, அவர் விரும்பியவாறு செலவிடலாம் என வாதிடலாம். விதியின் சொற்களை மட்டும் நோக்கினால் அவ்வாதம் பிழையன்று. எனினும் 1851 ஆம் ஆண்டில் எழுந்த முறைப்பாட்டுக்கு இடமளித்த அதே குறை இங்கே கடிகாரத்தின் பாதுகாப்போடு திரும்பி வந்திருக்கின்றது. வில்லியம்ஸ் நீண்ட நேரம் எடுத்தது சிந்திப்பதற்காகவேனும் ஆகும். இவரோ மற்றவரைக் காத்திருக்கச் செய்வதற்காகவே நேரத்தை ஓடவிடுகின்றார். இத்தகையோரைத் தளங்கள் எச்சரிப்பதும் சிறிது காலம் ஆட்டத்திலிருந்து விலக்கி வைப்பதும் உண்டு. உடைமையாக வழங்கப்பட்ட காலம் கூட முற்றிலும் ஒருவருக்கே உரியதன்று என்பதை இத்தண்டனை ஏற்றுக்கொள்கின்றது. காத்திருப்பவருக்கும் அதிலே பங்குண்டு.

விரைவும் அறிவும்

இவ்விடத்து வலுவானதொரு மறுப்பு எழக்கூடும். நெடிய ஆட்டத்தை உயர்ந்ததாகவும் விரைவான ஆட்டத்தைத் தாழ்ந்ததாகவும் கருதுவது, மெதுவாகச் சிந்திப்பதே சிந்தனை என்னும் முன்முடிவின் விளைவு அன்றோ? விரைவு என்பது வெறும் கைத்திறன் அன்று. நெடுங்காலப் பயிற்சியினால் முதிர்ந்த அறிவு கணப்பொழுதில் வெளிப்படுவதே விரைவு என்பர். சென்னையில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த் இளமையில் மின்னல்வேக ஆட்டத்துக்காகவே பெயர் பெற்றவர். அவ்விரைவு இளமையின் துடிப்பு மட்டுமன்று என்பதற்கு, 2017 ஆம் ஆண்டில் தமது 48 ஆவது வயதில் அவர் உலக ரப்பிட் சம்பியன் பட்டத்தை வென்றமை சான்றாகும். தேர்ந்த வைத்தியர் நோயாளியைக் கண்டதும் நோயை உணர்வதும், இசைவாணர் சுரத்தின் பிழையைக் கேட்ட கணமே அறிவதும் சிந்தனையின் குறையல்ல, அதன் முதிர்ச்சியே.

இம்மறுப்பிலே பெரிதும் உண்மையுண்டு. ஆயின் அது நிறுவுவது யாதெனின், விரைவும் ஓர் அறிவுவகை என்பதே. இருவகை அறிவும் ஒன்றே என்பதன்று. 2016 ஆம் ஆண்டு உலகச் சம்பியன் போட்டியில் மக்னஸ் கார்ல்சனும் சேர்கேய் கர்யாகினும் 12 நெடிய ஆட்டங்களின் முடிவில் 6-6 எனச் சமநிலையில் நின்றனர். 2018 ஆம் ஆண்டில் கார்ல்சனும் பபியானோ கருவானாவும் ஆடிய 12 நெடிய ஆட்டங்களும் சமநிலையிலேயே முடிவுற்றன. இருமுறையும் பட்டம் 25 நிமிட விரைவு ஆட்டங்களினால் தீர்மானிக்கப்பட்டது. முன்னையதில் 3-1 எனவும் பின்னையதில் 3-0 எனவும் கார்ல்சன் வென்றார். விரைவு ஆட்டத்தில் அவரது மேம்பாடு ஐயத்துக்கிடமற்றது. ஆனால் நெடிய ஆட்டத்தில் இருவரும் சமம் என்று பலகை கூறிய பின்னர், வேறோர் அறிவை அளந்து அதன் பெறுபேற்றை முன்னையதன் பெறுபேறாக அறிவித்தல் பொருத்தமானதா என்னும் வினா நியாயமானதே. பட்டம் ஒருவருக்கே வழங்கப்பட வேண்டும் என்னும் தேவை இங்கே விடையைத் தீர்மானிக்கின்றது. நீதி தீர்மானிப்பதாகக் கூற முடியாது.

பரீட்சை மண்டபத்தை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. மூன்று மணித்தியாலத்தில் விடையெழுதும் வல்லமையும், மூன்று மாதம் ஒரு வினாவோடு உடனுறையும் வல்லமையும் ஒருவரிடமே அமைதல் வேண்டும் என்னும் நியதியில்லை. முன்னதை அளந்துவிட்டுப் பின்னதையும் அளந்ததாகக் கொள்ளும் சமுதாயம், மெதுவாக முதிரும் அறிவினரைத் தம்மைப் பற்றித் தாமே தாழ்வாக எண்ணச் செய்கின்றது. கால எல்லை வேண்டியதே. அது எதனை அளக்கின்றது என்பதை ஒளிக்காது கூறுதலும் வேண்டியதே.

மற்றோர் எல்லையில் நிற்பது அஞ்சல்வழி ஆட்டம். 1824 ஆம் ஆண்டு தொடங்கி 1828 ஆம் ஆண்டு வரை இலண்டன், எடின்பரோ ஆகிய இரு நகரங்களின் கழகங்கள் கடிதமூலம் ஆடிய போட்டியில் எடின்பரோ வென்றது. நான்கு ஆண்டுகள் இரு நகரத்தாரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தனர். எவரும் தம் நேரம் கவரப்பட்டதாகக் கருத இடமிருக்கவில்லை. காத்திருத்தலும் அங்கே ஆட்டத்தின் பகுதியாக இருவராலும் விரும்பி ஏற்கப்பட்டது. எனவே காத்திருத்தல் தன்னளவில் தீமையன்று என்பது தெளிவாகும். கேளாமலே திணிக்கப்படும் காத்திருத்தலே தீமை. கடிகாரம் தடுக்க முயன்றதும் அதனையே.

முடிவுரை

முதலிற் கேட்கப்பட்ட வினாவுக்கு இனி விடை கூறலாம். வெல்லும் நிலையிலிருந்து நேரத்தால் தோற்றவர், தாம் செலவிட்ட நேரத்தில் மற்றவரைக் காத்திருக்கச் செய்தவர். அதற்குரிய எல்லையை முன்னரே ஏற்றுக்கொண்டவர். ஆகவே அவரது தோல்வி செல்லுபடியாகும். அதனை மறுத்து முறையிடுதல் முறையன்று. ஆயின் வென்றவர் பெற்றது எதிராளி ஓர் ஒப்பந்தத்தைக் காப்பாற்றாமைக்கான ஈட்டினையேயன்றி, பலகையின் மீதான மேம்பாட்டையன்று. அவ்வேறுபாட்டை உணர்ந்து வெற்றியை அடக்கத்தோடு ஏற்பவர் நீதியாக நடந்துகொள்கின்றார். வேறு வழியின்றிப் பொருளற்ற நகர்வுகளால் எதிராளியின் செக்கன்களை வேட்டையாடியவரோ, காத்திருப்பவருக்காக ஏற்பட்ட உரிமையைக் காத்திருக்காமலே பயன்படுத்திக்கொண்டவராவார். விதி இருவருக்கும் ஒரே புள்ளியையே வழங்குகின்றது. விதியால் அதற்குமேல் செய்ய இயலாது. எஞ்சியதைச் செய்ய வேண்டியவர் ஆட்டக்காரரே.

நேரக் கட்டுப்பாட்டைத் தெரிவு செய்பவர் தமக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று மட்டும் கருதுவது வழக்கம். எதிரே அமர்பவருக்கு எவ்வளவு நேரம் கொடுக்க விழைகின்றார் என்பதும் அத்தெரிவிலே அடங்கியுள்ளது. ஒரு நகர்வுக்குச் சில செக்கன்களை மேலதிகமாகச் சேர்ப்பவர், 'நீர் நெருக்கடியில் நிற்கும்போதும் உமது சிந்தனையோடுதான் மோதுவேன், உமது கையின் நடுக்கத்தோடு அன்று' என்று எதிராளிக்கு முன்கூட்டியே உறுதி கூறுபவராகின்றார். தோல்வி உறுதியானதும் அதனை ஒப்புக்கொண்டு எழுபவர், மற்றவரின் காலம் தம்முடையதன்று என்பதை ஏற்பவராகின்றார். திரைக்கு அப்பால், பெயரும் முகமும் அறியப்படாத ஒருவர் காத்திருக்கின்றார் என்னும் நினைவே இவ்விரண்டுக்கும் அடிப்படை. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் அந்நினைவு போதாதாகியமையினாலேயே கடிகாரம் வேண்டப்பட்டது. கடிகாரம் வந்துவிட்டதனால் அந்நினைவு வேண்டப்படாததாகிவிடவில்லை.